மக்காச்சோள மாவில் பிசைந்த மனிதர்கள்

குழு: நம்ம வீடு

கார்த்தி: (காணொளி) மாயமாக மறைந்த மாயா இனம்! 2012 உலக அழிவைக் கணித்தவர்கள்! எல்லாரும் பாருங்கள்.

முரளி சித்தப்பா: நம் சிற்ப சாஸ்திர மயன்தான் இவர்களுக்கு மூதாதை என்று ஒரு பதிவும் சுற்றுகிறதே. உண்மையா அக்கா?

சரசு அத்தை: இல்லை முரளி. அவர்களுடைய மொழி, எழுத்து, தெய்வங்கள் எல்லாமே மத்திய அமெரிக்க மண்ணில் விளைந்தவை.

சரசு அத்தை: கார்த்தி, அந்தத் தலைப்பைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. மாயா மக்கள் எங்கேயும் மறையவில்லை. திக்கால் மாதிரி காட்டு நகரங்கள் 9ஆம் நூற்றாண்டு வாக்கில் காலியானது நிஜம். ஆனால் ஜனங்கள் இடம் மாறிப் பிழைத்தார்கள். கடைசி மாயா அரசு ஸ்பானியர்களிடம் வீழ்ந்ததே 1697இல்தான். இன்றைக்கும் குவாத்தமாலாவிலும் தெற்கு மெக்சிகோவிலும் பல லட்சம் பேர் கிச்சே, யுகாத்தேக் என்று ஏறக்குறைய 30 மாயா மொழிகளைப் பேசுகிறார்கள். 1992இல் அமைதி நோபல் வாங்கிய ரிகோபெர்த்தா மெஞ்சு ஒரு கிச்சே பெண்.

நிலா: நோபல் தெரியும் அத்தை, அவர் மாயா என்று தெரியாது. அவர்களுடைய புராணம் என்று தனியாக ஏதாவது இருக்கிறதா?

சரசு அத்தை: இருக்கிறதாவா! போபோல் வூ. கிச்சே மக்களின் நூல். அதில் மனிதன் பிறந்த கதையை மட்டும் சொல்கிறேன், கேள்.

சரசு அத்தை: தெய்வங்களுக்குத் தங்களை நினைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டியிருந்தது. முதலில் மிருகங்களைப் படைத்தார்கள். கத்தின, கீச்சிட்டன, பேர் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் சேற்றில் ஒரு மனிதன். தண்ணீரில் கரைந்து போனான். மூன்றாவதாக மரத்தில் செதுக்கினார்கள். மர மனிதர்கள் நடந்தார்கள், பேசினார்கள், பிள்ளை பெற்றார்கள். ஆனால் நெஞ்சில் ஒன்றும் இல்லை, யாரையும் நினைக்கவில்லை. வெள்ளம் வந்தது. அதோடு விடவில்லை. அவர்கள் வீட்டுச் சட்டி பானையும் அரைக்கும் கல்லும் நாயும் எழுந்து நின்று, இத்தனை நாள் எங்களை என்ன பாடு படுத்தினீர்கள் என்று கேட்டு அடித்தன. தப்பியவர்களின் வம்சம்தான் காட்டுக் குரங்குகள்.

அம்மா: அரைக்கிற கல்லே அடித்ததா அண்ணி?

சரசு அத்தை: ஆமாம் மாலதி. தினமும் எங்கள் முகத்தில் அரைத்தீர்களே, இப்போது உங்களை அரைக்கிறோம் என்று. கையாளும் பொருளுக்கும் ஒரு மரியாதை உண்டு என்று நினைத்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு காட்சி தோன்றும். எனக்கு அந்த நூலிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

சரசு அத்தை: நாலாவது தடவைதான் சரியாக வந்தது. மஞ்சளும் வெள்ளையுமாக மக்காச்சோளம் கொண்டுவந்தார்கள். ஷ்முகானே என்ற பாட்டி அதை ஒன்பது முறை அரைத்தாள். அந்த மாவுதான் மனித உடம்பு. அதனால் அங்கே சோளம் வெறும் சாப்பாடு இல்லை, தசையே அதுதான். பழைய பிரபுக்கள் குழந்தையின் மண்டையைப் பலகை வைத்துக் கட்டி நீளமாக்கியதுகூட சோளக்கதிர் வடிவத்துக்காக என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அம்மா: மக்காச்சோளத்தை அப்படியே அரைத்தால் தோல் திப்பி திப்பியாக வருமே?

சரசு அத்தை: அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவிட்டுத் தோலைக் கழுவி எடுத்த பிறகுதான் அரைப்பார்கள். சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்து அப்போதுதான் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துப்போனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளமே கதி என்றிருந்த வட இத்தாலி ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டி எடுத்தது.

கார்த்தி: சண்டை, விளையாட்டு எல்லாம் கிடையாதா அத்தை?

சரசு அத்தை: கதையே பந்தாட்டம்தான்டா! ஹுனாப்பூ, ஷ்பலான்கே என்று இரட்டையர். அவர்களுடைய அப்பாவைப் பாதாள உலகமான ஷிபால்பாவின் பிரபுக்கள் பந்தாடக் கூப்பிட்டுக் கொன்றுவிட்டார்கள். பிள்ளைகளுக்கும் அதே அழைப்பு வந்தது. கெட்டியான ரப்பர் பந்து, இடுப்பால்தான் அடிப்பார்கள். மெக்சிகோவில் சிச்சென் இட்ஸா என்ற பழைய மாயா நகரத்தில் இருக்கும் ஆடுகளம் 168 மீட்டர் நீளம்.

சரசு அத்தை: கிளம்பும்போது இரட்டையர் பாட்டி வீட்டின் நடுவில் சோளம் நட்டு, இது காய்ந்தால் நாங்கள் செத்தோம் என்று அர்த்தம், துளிர்த்தால் உயிரோடு இருக்கிறோம் என்று சொன்னார்கள். அங்கே அவர்கள் தீயில் குதித்தபோது இங்கே பயிர் காய்ந்தது, பாட்டி அழுதாள். பாதாளப் பிரபுக்கள் எலும்பை அரைத்து ஆற்றில் போட்டார்கள். ஐந்தாம் நாள் இரட்டையர் எழுந்து வந்தார்கள், பயிரும் துளிர்த்தது. பாட்டி அந்தப் பயிரின் முன்னால் கொபால் பிசினில் புகை போட்டாள். நம் வீட்டுச் சாம்பிராணி மாதிரி. குவாத்தமாலாவின் சிச்சிகாஸ்தெனாங்கோ ஊரில் சாந்தோ தோமாஸ் தேவாலயப் படிக்கட்டில் கிச்சே மக்கள் இன்றைக்கும் கொபால் புகை போடுகிறார்கள்.

நிலா: இவ்வளவு பழைய கதை எப்படித் தப்பியது அத்தை? எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள் என்று படித்தேனே.

சரசு அத்தை: எரித்தார்கள். 1562இல் மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயா ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினார். பழைய மாயா ஏடுகளில் உலகத்தில் இப்போது மிஞ்சியிருப்பது நாலே நாலு. ஆனால் அதே நூற்றாண்டில் தெற்கே கிச்சே பெரியவர்கள், பழைய நூலை இனிப் பார்க்க முடியாது என்று சொல்லி, புதிதாகக் கற்ற லத்தீன் எழுத்தில் தங்கள் கதையைத் தங்கள் மொழியிலேயே எழுதி வைத்தார்கள். அதை 1701க்குப் பிறகு அதே சிச்சிகாஸ்தெனாங்கோவில் ஹிமேனெஸ் என்ற பாதிரியார் படியெடுத்தார். மூலம் போய்விட்டது, படி சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கிறது. எரித்தவரும் பாதிரியார், காத்தவரும் பாதிரியார். ஆனால் பெருமை எழுதிய கிச்சேக்காரர்களுக்குத்தான். பேர்கூடப் போடாமல் எழுதினார்கள்.

முரளி சித்தப்பா: கதை பின்னால் வந்தவர்கள் சேர்த்தது என்று சொல்பவர்களும் உண்டே அக்கா?

சரசு அத்தை: 2001இல் குவாத்தமாலா காட்டுக்குள் சான் பார்தோலோ என்ற இடத்தில் சுவரோவியங்கள் கிடைத்தன. கி.மு. 100 வாக்கில் வரைந்தவை. சோளக் கடவுள் அதில் அழகாக இருக்கிறார். எழுதிய வடிவம் பிந்தியது, கதையின் வேர் பழையது.

கார்த்தி: சரி, 2012?

சரசு அத்தை: அவர்களுடைய நீண்ட காலக் கணக்கில் 2012 டிசம்பர் 21 அன்று ஒரு பெரிய சுற்று முடிந்தது, அவ்வளவுதான். பாலென்கே என்ற பழைய மாயா நகரத்தின் கல்வெட்டு கி.பி. 4772இல் வரப்போகும் ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறது. உலகம் முடியும் என்று நினைத்தவர்களா அதைச் செதுக்கியிருப்பார்கள்?

சரசு அத்தை: இன்னொரு நாட்காட்டி இருக்கிறது. 20 நாள் பெயர்கள், 13 எண்கள், பெருக்கினால் 260 நாள். நாள் பார்த்துச் சொல்லும் பெரியவர்கள் மலைநாட்டில் இன்றும் இதை எண்ணுகிறார்கள். குவாத்தமாலாவின் மோமோஸ்தெனாங்கோ ஊரில் 8 பாட்ஸ் என்ற நாள் பெரிய விசேஷம்.

கார்த்தி: அப்படியென்றால் அதில் பிறந்தநாள் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை வருமே!

சரசு அத்தை: சில வருஷங்களில் வரும். முதல் தடவை வருஷத் தொடக்கத்தில் வந்தால், 260 நாள் கழித்து அதே வருஷத்தில் இன்னொன்று வரும். நீ பிறந்த நாளிலிருந்து கணக்குப் போட்டுப் பார்.

நிலா: அத்தை, நாளைக்குக் குழுவில் கூப்பிடுகிறோம். இரட்டையர் கதையை முழுசாகச் சொல்லுங்கள்.

சரசு அத்தை: ஒன்பது மணிக்குக் கூப்பிடு. ஷிபால்பாவில் இருக்கும் வௌவால் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கேதான் ஹுனாப்பூவின் தலை போய்விடும்.

கார்த்தி: தலையே போன பிறகு எப்படி விளையாடினான்?

சரசு அத்தை: ஷ்பலான்கே பூசணிக்காயில் ஒரு தலை செய்து வைத்தான். மீதி நாளைக்கு.