ஹரிக்கேன் கொக்பிட் உள்நிறம்: எந்தப் பச்சை சரி? உதவி தேவை (1/48)

தெகிவளை48:
எல்லாருக்கும் வணக்கம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கினபோது, கறுவாத்தோட்டத்து ரேஸ்கோர்ஸ் ஓடுபாதையில இருந்து எழும்பின பிரிட்டிஷ் விமானப்படையின்ர 258ஆவது ஸ்குவாட்ரனின்ர ஹரிக்கேன் போர்விமானம் ஒன்றை 1/48 பிளாஸ்டிக் மாதிரியா (உண்மையான அளவின்ர 48இல் ஒரு பங்கு) செய்துகொண்டிருக்கிறன். மார்க் 2பி வகை. பக்கத்தில வைக்க ஜப்பானின்ர அகாகி விமானந்தாங்கிக் கப்பலின்ர ஸீரோ போர்விமானம் ஒன்றும் இருக்கு.

இப்ப கொக்பிட்டில (விமானி இருக்கிற இடம்) வந்து நிக்கிறன். கடையில "இன்டீரியர் கிரீன்" என்று எழுதின போத்தல்தான் கிடைச்சது. பூசிக் காஞ்ச பிறகு மஞ்சள் ஓடின பச்சையா நிக்குது. பிரிட்டிஷ் விமானப் படங்களில பார்த்தது சாம்பல் கலந்த வெளிர் பச்சை. கிட்டோட (மாதிரித் துண்டுகள் வாற பெட்டி) வந்த தாளில போட்டிருக்கிற கம்பனியின்ர பெயிண்ட் இங்க வாறேல்லை. இன்னொரு குழப்பம்: ஹரிக்கேன் உள்பக்கம் முழுக்கப் பச்சை என்று சிலர், இல்லை வெள்ளி என்று சிலர். எதை நம்பிறது? உடலின்ர இரண்டு பாதியையும் ஒட்ட முதல் தெரிஞ்சுகொள்ள வேணும், ஒட்டினால் பிறகு உள்ளுக்குத் தூரிகை போகாது.

வத்தளை_மாடலர்:
தம்பி, உங்கட போத்தலில் பிழை இல்லை, அது அமெரிக்க விமானத்துக்குரியது. துருப்பிடிக்காமல் இருக்க அமெரிக்கர் பூசிய சிங்க் குரோமேட் இயல்பிலேயே மஞ்சள் பச்சை. அதில் கறுப்புச் சேர்த்துக் கொஞ்சம் அடக்கியதுதான் அவர்களுடைய இன்டீரியர் கிரீன், அமெரிக்க நிற அட்டையில் எஃப்எஸ் 34151. கோர்செயார், ஹெல்கட் போன்ற அமெரிக்க விமானங்கள் செய்யும்போது உதவும், பத்திரமாக வையுங்கள்.

பிரிட்டிஷ் உள்நிறம் வேறு குடும்பம். பிஎஸ் 381சி என்ற பிரிட்டிஷ் நிற அட்டையில் 283ஆம் இலக்கம், எயார்கிராஃப்ட் கிரே கிரீன் என்று வரும். பெயிண்ட் கம்பனிகளில் ஹம்ப்ரோலின் 78 அதற்குக் கிட்ட நிற்கும். மிஸ்டர் கலரில் 364. இரண்டும் கிடைக்காவிட்டால் டமியா எக்ஸ்எஃப்-71 வாங்குங்கள். ஜப்பான் கொக்பிட்டுக்கு என்று விற்றாலும், எக்ஸ்எஃப்-2 வெள்ளையும் எக்ஸ்எஃப்-21 ஸ்கை என்ற வெளிர் பச்சையும் துளித் துளியாகச் சேர்த்தால் பிரிட்டிஷ் பச்சைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பங்குக் கணக்குச் சொல்ல மாட்டேன், போத்தலுக்குப் போத்தல் அது மாறும்.

கொட்டாஞ்சேனை_கிட்:
பச்சையா வெள்ளியா என்ற கேள்விக்கு வாறன். இரண்டு பக்கமும் சரி, ஏனென்றால் ஹரிக்கேனில் இரண்டும் இருக்கு.

அது எப்பிடிக் கட்டப்பட்டது என்று பாருங்கோ. ஸ்பிட்ஃபயரின் உடல் அலுமினியத் தகட்டாலான கூடு, கொக்பிட்டுக்குள்ள சுவர் என்று ஒன்று இருக்கு, அது முழுக்கப் பச்சை. ஹரிக்கேன் பழைய முறை: உலோகக் குழாய்களைப் பொருத்தி ஒரு சட்டகம், அதுக்கு வெளியால மரச் சட்டம், அதுக்கு மேல துணி. விமானி இருக்கிறது அந்தக் குழாய்ச் சட்டகத்துக்கு நடுவில. முழுத் தளமும் இல்லை, குதிக்கால் ஊன்ற இரண்டு நீளத் தட்டுத்தான். குனிஞ்சு பார்த்தால் கீழ்ச் சட்டகம் தெரியும்.

அந்தக் குழாய்களுக்கு அலுமினியப் பெயிண்ட். விமானியின் தோள் மட்டத்தில வாற மேல்பக்கத் தகடுகள், விளிம்புகள் எல்லாம் கிரே கிரீன். கருவிப் பலகை கறுப்பு. அதனால கிட்டில வாற குழாய்ச் சட்டகத்தைத் தனியா வெள்ளி அடிச்சு, பக்கத் தகடுகளைத் தனியாப் பச்சை அடிச்சு, பிறகு சேருங்கோ. ஸ்பிட்ஃபயர் படத்தைப் பார்த்து ஹரிக்கேனுக்கு அடிக்கிறவை நிறையப்பேர். இவ்வளவு குழப்பம் அங்கயிருந்துதான் வருது.

வெள்ளிக்கு டமியா எக்ஸ்-11 வேண்டாம், குரோம் மாதிரி மினுங்கும். எக்ஸ்எஃப்-16 மங்கலானது, அதுதான் பொருத்தம். ஹம்ப்ரோல் 56உம் நல்லது.

தெகிவளை48:
அக்கா, இது பெரிய உதவி. கிட்டில குழாய்ச் சட்டகம் தனித் துண்டாத்தான் வந்திருக்கு. ஸீரோவுக்கு அந்த எக்ஸ்எஃப்-71ஐ அப்பிடியே அடிக்கலாமா? இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்தால் ஏதாவது பிடிபடுமா?

வத்தளை_மாடலர்:
ஸீரோவை மிட்சுபிஷியும் கட்டியது, நகாஜிமாவும் கட்டியது. இரண்டு தொழிற்சாலைக்கும் கொக்பிட் பச்சை வேறு. மிஸ்டர் கலரில் 126 மிட்சுபிஷி, 127 நகாஜிமா என்று தனித்தனியாகவே விற்கிறார்கள். நகாஜிமா ஸீரோ கட்டத் தொடங்கியது 1941 இன் கடைசியில்தான். ஆகவே கொழும்புக்கு வந்த கப்பல் விமானத்துக்கு மிட்சுபிஷி நிறத்தையே எடுங்கள். எக்ஸ்எஃப்-71 மட்டும் கையில் இருந்தால் அதையே அடியுங்கள், குறை சொல்ல இடமில்லை. கொக்பிட்டுக்குப் பின்னால் உடலின் உள்பக்கம் அஓடகே என்ற நீலப்பச்சை, அலுமினியம் ஊடாகத் தெரியும் மெல்லிய பூச்சு. அதைக் கொக்பிட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் நிறம் தேடி அல்ல. நம் விமானப்படை தொடங்கியதே 1951இல். அங்கே நிற்கும் சிப்மங்க், ஜெட் புரொவொஸ்ட் எல்லாம் போருக்குப் பிந்தியவை. மீளப் பூசிய விமானத்தின் உள்நிறம் 1942க்குச் சாட்சியாகாது. பெயிண்ட் எங்கே தேய்கிறது, விமானி கால் வைக்கும் இடத்தில் உலோகம் எப்படி வெளியே வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்து வாருங்கள்.

தெகிவளை48:
எக்ஸ்எஃப்-71 வாங்கிக் கலந்து பார்த்தன். இரவு மேசை லைட்டில அச்சொட்டா இருந்தது. காலையில யன்னலடியில பார்த்தால் நீலம் ஓடுது. போனில படம் எடுத்தால் மூன்றாவது ஒரு நிறம்!

கொட்டாஞ்சேனை_கிட்:
பெயிண்ட் மாறேல்லை, வெளிச்சம்தான் மாறினது. எல்இடி வெளிச்சத்தில எல்லா நிறமும் சமனா இல்லை. அதால ஒரு விளக்கில ஒன்றுபோலத் தெரியிற இரண்டு பச்சை இன்னொரு விளக்கில பிரிஞ்சு நிக்கும். போன் தானாகவே வெள்ளையைச் சரிப்படுத்தப் பார்க்கும், அதை நம்பாதேங்கோ. பகல் வெளிச்சத்தில, நேர் வெயில் படாத யன்னலடியில முடிவெடுங்கோ. பிளாஸ்டிக் கரண்டியில நீங்கள் பாவிக்கப்போற அதே பிரைமரை (அடிப்பூச்சு) பூசி, அதுக்கு மேல அடிச்சு, நல்லாக் காயவிட்டுப் பாருங்கோ. சாம்பல் பிரைமரில ஒரு பச்சை, கறுப்பில வேற பச்சை.

இன்னொன்று, இதில வத்தளை அண்ணாவோட எனக்கு உடன்பாடில்லை என்று நினைக்கிறன். 283 அட்டையோட அப்பிடியே பொருந்தினால் 1/48 இல அது இருண்டு போகும். கொக்பிட் ஒரு சின்னக் குழி, மேலால வெளிச்சம் கொஞ்சம்தான் இறங்கும். அதுக்கு மேல நிழலுக்கு வாஷ் (நல்லா ஐதாக்கின கருமைப் பெயிண்ட்) விடுவீங்கள், இன்னும் இருளும். ஆகவே அட்டையை விட ஒரு படி வெளிறினதா அடிக்க வேணும்.

வத்தளை_மாடலர்:
அட்டையோடு பொருத்திய பிறகு வெளிறச் செய்யலாம், பொருத்தாமலே வெளிறச் செய்யக் கூடாது என்பதுதான் என் கருத்து. முதலில் சரியான இடத்தில் நின்றால்தான் எவ்வளவு விலகுகிறோம் என்று தெரியும். வெறும் வெள்ளையை ஊற்றினால் பச்சை சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், ஸ்கையால் வெளிறச் செய்யுங்கள். முதல் கரண்டியை எறியாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெகிவளை48:
சரி அண்ணா, இரண்டு கரண்டியும் உடலுக்குள்ள வச்சுப் பார்த்தன். ஒரு படி வெளிறினதுதான் உள்ளுக்குச் சரியாத் தெரியுது. கடைசியா ஒரு சந்தேகம்: மழை நாளில லக்கர் (வேகமாக் காயிற பெயிண்ட்) அடிச்சால் வெண்மை படருது. கொழும்பு ஈரப்பதத்துக்கு என்ன செய்யிறது?

கொட்டாஞ்சேனை_கிட்:
தின்னர் வேகமா ஆவியாகும்போது மேற்பரப்பு குளிருது, காற்றில இருக்கிற ஈரம் அதில படியுது. அந்த வெண்மை அதுதான். ரிட்டார்டர் கலந்த, மெதுவாக் காயிற தின்னர் எடுங்கோ, மெல்லிய பூச்சா விட்டு விட்டு அடியுங்கோ. மழை பெய்யேக்க அடிக்காமல் விடுறது இன்னும் நல்லது. படர்ந்துவிட்டால் அதே மெதுவான தின்னரை மெல்லிசாத் தெளிச்சாப் பெரும்பாலும் தெளியும். ஹம்ப்ரோல் எனமல் என்றால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் காய நேரம் எடுக்கும், அடுத்த நாள் வரைக்கும் தொடாதேங்கோ.

சட்டகத்தை வெள்ளி அடிச்சுச் சேர்த்த உடன ஒரு படம் போடுங்கோ. ஒட்ட முதல் பார்த்துச் சொல்லுறம்.