புதுப்பிப்பு: அம்மாவின் திடீர் குழப்பத்துக்குக் காரணம் சோடியம்

74 வயது அம்மா மூன்றே நாளில் ஆளே மாறிப்போனார், பகல் எது ராத்திரி எது என்றே தெரியவில்லை, இது டிமென்ஷியாவா (மறதி நோயா) என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மறதி நோய் மெதுவாகத்தான் வரும், நாள் கணக்கில் வந்தால் முதலில் ரத்தத்தில் சோடியம் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சரி. அம்மாவுக்கு 119, இருக்க வேண்டியது 135–145. குழப்பத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள்: சிறுநீர்த் தொற்று இல்லை, தைராய்டு, வைட்டமின் பி12 சரி. பிரஷருக்குப் புதிதாகச் சேர்த்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்திருக்கிறது. அது சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். போதாததற்கு நாங்கள் வேறு சாப்பாட்டில் சோடியம் தரும் உப்பைக் குறைத்திருந்தோம்.

மாத்திரையை மருத்துவர்தான் நிறுத்தினார், நாங்களாக இல்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளைக்கே ஆபத்தாம், நிதானமாகத்தான் ஏற்றினார்கள். நான்காம் நாள் காலை காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரையே போடலையாடி?" என்றார். அழுதுவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: தெளிந்த பிறகும் அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறார். அப்பாவிடம் கேட்டால், ஒரு வருடமாகவே இப்படித்தானாம். அப்பா யாரிடமும் சொல்லாமல் தானே எழுந்துபோய் அணைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வாரம் நரம்பியல் மருத்துவரிடம் நினைவாற்றல் பரிசோதனை இருக்கிறது.