‘ஜௌஹர்’: நீரோட்டமா, உருக்குவரியா?

> பாரசீக ஷம்ஷீர் வாளின் அலகில் தெரியும் நெளிகோலத்தை ‘ஜௌஹர்’ என்கிறார்கள். ஜௌஹர் என்றால் மணி. மணிக்கு நாம் நீரோட்டம் பார்ப்பதால் ‘நீரோட்டம்’ என்றே வைக்கலாமா?

வணக்கம் ஐயா. அழகான சொல்தான், ஆனால் அடையாளம் காண உதவாது. நெளிகோலம் மூன்று வழியில் வரும். எட்ட நின்று பார்த்தால் மூன்றும் நீரோட்டம்தான். எப்படி உண்டானது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும்.

மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) உருக்கிய, ஏறக்குறைய 1.5 சதவீதம் கரிமம் உள்ள எஃகுக் கட்டியை மிதமான சூட்டில் அடித்து நீட்டும்போது சிமென்டைட் என்ற, இரும்பும் கரிமமும் சேர்ந்த கடினமான துகள்கள் வரிசை கட்டுகின்றன. அதுதான் அசல் ஜௌஹர். லென்ஸில் பார்த்தால் கோடாக இராது. வெண்புள்ளிகள் கோத்த சரம் அங்கங்கே அறுந்து கிடக்கும். இதற்கு ‘உருக்குவரி’ என்பது என் பரிந்துரை. இப்படி மூசையில் உருக்கிய இந்திய எஃகுக்கு ஆங்கிலத்தில் ‘ஊட்ஸ்’ என்று பெயர். அதற்கு மூலமாகச் சொல்லப்படும் கன்னட ‘உக்கு’, நம் உருக்குக்கு உறவுச் சொல்.

இரும்பையும் எஃகையும் அடுக்கி, காய்ச்சி ஒட்டவைத்தது ‘அடுக்குவரி’. கோடு அறாமல் ஓடும். சாதா எஃகின் மேல் அமிலத்தால் வரைந்தது ‘அரிப்புவரி’.

பிரித்தறிய, கைப்பிடிக்கு அருகே எழுத்தோ பொன்வேலையோ இல்லாத 2 செ.மீ. இடம் போதும். அசிட்டோனால் எண்ணெய் போக்கி, 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்த்து, 2–3 சதவீத ஃபெரிக் குளோரைடைப் பஞ்சில் தொட்டுச் சில நொடி தடவுங்கள். சோடா உப்புக் கரைசலால் கழுவி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். அரிப்புவரி தேய்ப்பிலேயே போய்விடும். உருக்குவரி மறைந்து மறுபடி எழும். அலகின் முதுகிலும் தொடரும். கரைசல் அதிக நேரம் இருந்தால் பரப்பு முழுக்கக் கறுத்து வரி மூழ்கிவிடும். நெருப்பில் அகப்பட்டு மிகையாகக் காய்ந்த வாளில் சிமென்டைட் கரைந்து வரி அழிந்திருக்கலாம். ஆகவே வரி இல்லை என்பதற்காகவே போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

புகழ்பெற்ற பாரசீக வாள் கொல்லரான ‘அசதுல்லா இஸ்பஹானி’யின் பெயர்ப் பொறிப்பைப் பார்த்துக் காலம் குறிக்க வேண்டாம். பல காலத்து அலகுகளிலும் அந்தப் பெயரை வெட்டியிருக்கிறார்கள்.

> ‘வரி’ என்றால் வருமான வரி நினைவுக்கு வராதா?

வரிப்புலி, வரிக்குதிரை என்கிறோம், யாரும் குழம்புவதில்லை.

> அலகின் குறுக்கே ஏணிப்படி போல வரி தெரியும் ‘கிர்க் நர்துபான்’ வகை ஜௌஹரை எப்படிச் சொல்வது?

‘ஏணி உருக்குவரி’. அலகில் குறுக்கே பள்ளங்கள் அராவி, மறுபடி அடித்துச் சமப்படுத்தினால் படிகள் எழும். ‘கிர்க்’ என்றால் நாற்பது, ‘நர்துபான்’ என்றால் ஏணி. ஆனால் படிகளின் எண்ணிக்கை வாளுக்கு வாள் மாறும் என்பதால் நாற்பதைச் சொல்லில் சேர்க்கவில்லை.