கோடை வெப்ப வரைபடம்: புதுப்பிப்பு

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் நகர மையத்தைவிடச் சுற்றியுள்ள தரிசு நிலம் சூடாகத் தெரிகிறதே, கணக்கில் எங்கே தப்பு என்று முன்பு கேட்டிருந்தேன். கணக்கில் தப்பு இருந்தது: கெல்வினைச் செல்சியஸாக மாற்றும்போது 273.15-க்குப் பதில் 273 கழித்திருந்தேன். ஆனால் அதில் மாறியது வெறும் 0.15 பாகை!

உண்மைக் காரணம் வேறு. லேண்ட்சாட் அளப்பது தரையின் சூட்டை, காற்றின் வெப்பநிலையை அல்ல. அது கடப்பதும் காலை பத்து மணிவாக்கில். அந்நேரத்துக்குள் ஈரமில்லாத மண் சட்டென்று சுட்டுவிடும். கான்கிரீட் மெதுவாகத்தான் ஏறும், கட்டடங்களின் நிழல் வேறு. சரி, இரவில் என்ன ஆகிறது என்று அக்வா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் என்ற உணரியின் தரவைப் போட்டுப் பார்த்தேன். பின்னிரவு ஒன்றரை மணிவாக்கில் எடுத்தது. படம் தலைகீழ்! மண் ஆறிவிட்டது, நகரம் பகலில் சேர்த்த சூட்டை விடாமல் பிடித்திருக்கிறது. குறை, அதன் பிக்சல் 1 கிலோமீட்டர், தெருவெல்லாம் கரைந்துவிடும்.

அப்புறம், '30 மீட்டர் துல்லியம்' என்று நான் பெருமையடித்ததை வாபஸ் வாங்குகிறேன். கோப்பு 30 மீட்டரில் வந்தாலும், லேண்ட்சாட் 8, 9-இன் வெப்ப உணரி அளப்பது 100 மீட்டரில்தான்.

பூங்கா வாரியான ஒப்பீட்டை அதனால் நீக்கிவிட்டேன். சின்னப் பூங்காக்கள் பக்கத்துக் கூரைகளோடு கலந்தே தெரிகின்றன. இப்போதைக்கு இரவுப் படமும் பகல் படமும் அருகருகே.