புது மேக்ஸ் மாட்டினேன், டயர் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது

மிட்ராண்டிலிருந்து:

சாலைப் பள்ளங்கள் புண்ணியத்தில் என் வண்டியின் இரண்டு ரிம் வளைந்துவிட்டன. போன மாதம் டர்பனில் மைத்துனர் வீட்டுக்குப் போனபோது, சாட்ஸ்வொர்த்தில் அவர் தெருவில் நின்ற வண்டிகளைப் பார்த்து ஆசையும் சேர்ந்துகொண்டது. இங்கே தென்னாப்பிரிக்காவில் அலாய் வீல் என்று யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் அது மேக்ஸ்தான். அங்கேயே ஒரு கடையில் 17 அங்குலத்தைக் கழற்றி 18 போட்டேன். சனிக்கிழமைக் கூட்டத்திலும் கடைக்காரர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். மைத்துனர் வீடு வரும்வரை ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை ஊர் திரும்பும்போது, என்3 நெடுஞ்சாலை ஏறிக் கொஞ்ச தூரத்தில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஒரு நிமிடம்போல் சிமிட்டிவிட்டு அப்படியே நின்று எரிந்தது. பஞ்சர் என்றுதான் நினைத்தேன். மூய் ரிவர் பக்கம் ஒரு கராஜில் நிறுத்தி, காற்றடிக்கும் பையனைப் பார்க்கச் சொன்னேன். நாலு டயரிலும் காற்றழுத்தம் 2.3 பார், குறைவில்லை. திரும்பக் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி சிமிட்டல்.

மேனுவலை அப்போதுதான் புரட்டினேன். விளக்கு நேராக எரிந்தால் காற்று குறைவு. சிமிட்டிவிட்டு எரிந்தால், டயருக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார்களின் பேச்சு வண்டிக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? டிக்கியைத் திறந்தால், மாமியார் கட்டிக் கொடுத்த கறிவேப்பிலைக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் வால்வோடு நாலு சென்சார்!

கடைக்குப் போன் போட்டேன். “அது பழைய ரிம்மோட சாமான் அண்ணா, புதுசுக்கு ரப்பர் வால்வே போதும்” என்றார். விளக்கு தொல்லையென்றால் நாலையும் ஒரு பிவிசி குழாய்க்குள் போட்டு, இரண்டு பக்கமும் அடைத்து, காற்றடித்து டிக்கியில் வைத்துவிடச் சொன்னார். விளையாட்டில்லை, நிஜமாகவே வண்டி ஏமாந்துவிடும். டயர் தட்டையானாலும் குழாய் தட்டையாகாதே! நான் மறுத்துவிட்டேன்.

மிட்ராண்டில் வேறு கடை. டயரைக் கழற்ற, மாட்ட, பேலன்ஸ் செய்ய எல்லாவற்றுக்கும் இரண்டாம் முறை காசு. ஆனால் அந்த ஃபிட்டருக்கு விஷயம் தெரிந்திருந்தது. முதலில் ஒரு சென்சாரை வெற்று ரிம்மில் பொருத்திக் காட்டினார். பழைய ரிம்மில் உட்கார்ந்த கோணம் இதில் சரிவரவில்லை, சென்சாரின் வால் ரிம்மின் உள்வளைவில் இடித்தது. கோணத்தைத் திருப்பி, டயர் விளிம்பு ஏறும் மேட்டுக்கு மேலே சென்சார் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் டயரை ஏற்றினார். இடித்தபடியே ஏற்றியிருந்தால் மெஷினிலேயே நொறுங்கியிருக்கும்.

ஏற்றுவதற்கு முன் கையடக்கக் கருவியை ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்து அழுத்தினார். சென்சாரின் அடையாள எண், அழுத்தம், பேட்டரி நிலை திரையில் வந்தன. வண்டி 2017 மாடல். இரண்டில் பேட்டரி முடியும் நிலை. பேட்டரியை உள்ளே வைத்து அடைத்தே செய்கிறார்கள், தனியாக மாற்ற வழியில்லை. பத்து வருடம் வந்தால் பெரிய விஷயம். அவை இரண்டுக்கும் பதிலாக யுனிவர்சல் சென்சார் வாங்கி, பழைய எண்களையே அவற்றில் ஏற்றினார். வண்டியைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை, புதிதாகக் கற்றுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. இருபது நிமிட ஓட்டத்தில் விளக்கு அணைந்தது. இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: இங்கத்திய வண்டிகளுக்குச் சென்சாரின் அலைவரிசை 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க, ஜப்பானிய வண்டிகளுக்கானவை பெரும்பாலும் 315, அதைப் போட்டால் வண்டி காது கேளாததுபோல் இருக்கும்.

அப்புறம் இன்னொரு குழப்பம். கராஜின் காற்றழுத்த கேஜில் 2.3 அடித்தால் வண்டித் திரையில் 2.1. சென்சார் கோளாறு என்று சண்டைக்கே கிளம்பிவிட்டேன். ஆனால் பழைய இரண்டும் அதையேதான் காட்டின. காரணம் நம் ஊரின் உயரம். கடலோர டர்பனில் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1.01 பார். ஜோபர்க், அதாவது ஜோகன்னஸ்பர்க், 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே 0.83தான். மிட்ராண்டும் ஏறக்குறைய அப்படியே. டயருக்குள்ளிருக்கும் சென்சார் அளப்பது முழு அழுத்தத்தை. அதிலிருந்து வெளிக்காற்றைக் கழித்துத்தான் திரையில் காட்ட வேண்டும். சில வண்டிகள் இருக்கும் உயரத்தைப் பார்த்துக் கழிக்கின்றன. என்னுடையது எங்கே போனாலும் கடல்மட்டக் கணக்கில்தான் கழிக்கிறது. இப்போது கேஜைத்தான் நம்புகிறேன். இங்கே 2.3 அடித்துக்கொண்டு டர்பனில் இறங்கினால், குளிர்ந்த டயரில் கேஜும் 2.1 பக்கம்தான் காட்டும். அங்கே ஒருமுறை பார்த்து அடித்துக்கொள்வது நல்லது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

அண்ணா, எங்கள் பக்கம் உப்புக்காற்று கெடுத்துவிடும். என் சென்சாரின் வால்வுத் தண்டு அலுமினியம். அழகுக்காகப் பித்தளை மூடி போட்டிருந்தேன். ஒரு வருடத்தில் இரண்டும் வெள்ளையாகப் பூத்து ஒட்டிக்கொண்டன. காற்றடிக்க இடுக்கியால் திருகினேன், மூடி வரவில்லை, தண்டே முறிந்து கையோடு வந்தது. உஸ்ஸென்று டயர் இறங்க, ரோபோ (அதாவது சிக்னல் விளக்கு) பக்கத்தில் நின்று ஸ்பேர் மாட்டினேன், அதில் சென்சார் கிடையாது. அதனால் மறுபடி சிமிட்டல். இப்போது பிளாஸ்டிக் மூடி, உள்ளே நிக்கல் பூசிய வால்வு ஊசி. டயர் மாற்றும்போதெல்லாம் வாஷர், நட்டு, ரப்பர் வளையம் புதுசு. அந்த நட்டைச் சின்ன டார்க் ரெஞ்சால் (அளவு வைத்து முறுக்கும் ஸ்பானர்) முறுக்கச் சொல்லுங்கள், கைபலத்தைக் காட்டினால் அதுவும் முறியும்.

பிரிட்டோரியாவிலிருந்து:

என் கதை கேவலம். போலோவுக்கு மேக்ஸ் போடப் போனேன், நாலு சென்சாரும் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படித்தால், இந்த வண்டியின் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சுருங்கும், மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். சக்கர வேகத்தைக் கவனிக்கும் பிரேக்கின் ஏபிஎஸ் அதை வைத்தே கண்டுபிடிக்கிறது. புதுச் சக்கரம் மாட்டி, காற்றைச் சரியாக அடித்து, மெனுவில் ‘செட்’ அழுத்தினால் வேலை முடிந்தது. நல்லவேளை, சென்சார்களை இன்னும் ரிம்மில் மாட்டவில்லை. பெட்டியோடு அலமாரியில் இருக்கின்றன.

மிட்ராண்டிலிருந்து:

அவை எண் ஏற்றாத யுனிவர்சல் வகையா, 433தானா? அப்படியென்றால் இரண்டு எனக்கு வேண்டும். என்னிடம் மிஞ்சியிருக்கும் பழைய இரண்டும் எத்தனை நாளைக்கு வருமோ தெரியாது.