வேலை போனபின் ஈ.எஸ்.ஐ. சிகிச்சை எதுவரை கிடைக்கும்?

அம்பாசமுத்திரத்துக்காரர்:
நூற்பாலை ஒன்றில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன்; சம்பளம் 14,000 ரூபாய். ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு ஆட்குறைப்பு என்று நிறுத்திவிட்டார்கள். என் மனைவிக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ், இதுவரை ஈ.எஸ்.ஐ. மூலமாகவே நடந்துவந்தது. 2021-இல் அமெரிக்காவில், வேலையிழந்தோர் பழைய காப்பீட்டைத் தொடர்வதற்கான பிரீமியம் முழுவதையும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அரசே ஏற்றது என்கிறார் மைத்துனர். இங்கே அப்படி ஏதேனும் உண்டா? கணக்குத் தீர்க்க, ‘விருப்ப ஓய்வு’ என்று எழுதிய தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர், பாளையங்கோட்டை:
அண்ணாச்சி, அந்தத் தாளில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். வேலையிழந்த ஈ.எஸ்.ஐ. தொழிலாளருக்கு உதவித்தொகை தர 2018-இல் கொண்டுவரப்பட்ட அடல் திட்டத்தில், விருப்ப ஓய்வு பெற்றவருக்கு இடமில்லை. நடந்தது ஆட்குறைப்பு என்றால் ஆலை அதையே எழுதித் தரட்டும்.

சிகிச்சை உடனே நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் 78 நாட்களுக்குச் சந்தா சேர்ந்திருந்தால், அதற்குரிய பயன்காலம் அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. அதற்கு முந்தைய அரையாண்டின் சந்தா இந்த டிசம்பர் வரை காக்கும். ஆகவே, ஐந்து மாதமும் ஆலை ஒழுங்காகச் சந்தா கட்டியிருந்தால் அடுத்த ஜூன் வரை உங்களுக்கும் அக்காவுக்கும் மருத்துவப் பயன் உண்டு. கட்டியிருக்கிறார்களா என்பதைக் கிளை அலுவலகத்தில் இன்றே பாருங்கள்.

மேலப்பாளையத்துச் சகோதரி:
ஜூன் வரும்வரை காத்திருக்காமல் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, டயாலிசிஸும் அதில் அடக்கம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்பதால் உங்கள் பழைய சம்பளக் கணக்கு குறுக்கே வரும். வேலை போன கடிதத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, இன்றைய நிலையைச் சொல்லி வருமானச் சான்று கேளுங்கள். என் கணவருக்கு வேலை போனபோது இதைச் சொல்ல ஆளில்லாமல் நான்கு மாதம் கடன் வாங்கி மருந்து வாங்கினோம். சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அக்காவையும் அழைத்துச் செல்லுங்கள், அங்கேயே படம் எடுப்பார்கள்.

அம்பாசமுத்திரத்துக்காரர்:
இருவருக்கும் நன்றி. கையெழுத்துப் போடவில்லை. ஆட்குறைப்பு என்று எழுதித் தரும்படி ஆலைக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை டயாலிசிஸ் இருப்பதால், செவ்வாயன்று இருவரும் கொக்கிரகுளம் போகிறோம்.