விட்டுக்கொடுத்தது பெருந்தன்மையா, ஆட்டமா?

செக்காலைவாசி

காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளை என்ற உரிமையில், பிக்பாஸ் எட்டாம் சீசன் நடந்த மூன்றரை மாதமும் எங்கள் வீட்டு ஓட்டு முத்துக்குமரனுக்குத்தான் விழுந்தது. 2025 ஜனவரியில் அவர் வென்றபோது அக்கம்பக்கத்தாருக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் என் மனைவிக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கேப்டன் பதவிக்கான போட்டியில் பவித்ராவுக்கு அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று கண்ட பிக்பாஸ், அந்தக் கேப்டன் பதவியையே ரத்து செய்தாரே, அந்த நிகழ்ச்சியைத்தான் சொல்கிறேன். அது பெருந்தன்மை என்பது மனைவியின் கட்சி. போட்டி என்று ஒப்புக்கொண்டு உள்ளே போனவர் போட்டியிடாமல் இருப்பது, பார்க்கிறவர்களையும் எதிரில் நிற்பவரையும் ஒருசேர அவமதிப்பதாகும் என்பது என் கட்சி. சிறாவயல் மஞ்சுவிரட்டில் மாட்டுக்காரர் மனம் நோகும் என்று யாராவது மாட்டைப் பிடிக்காமல் விடுகிறார்களா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

புதுவயல் பட்டதாரி

அண்ணன் அவர்களே, விட்டுக்கொடுப்பதே ஆட்டத்தின் உச்சமாக இருக்கலாம் என்பதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. இந்த வகை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் மூத்ததுகளில் ஒன்றான அமெரிக்க சர்வைவர், 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சபா கடலோரத்தில் உள்ள புலாவ் தீகா என்ற தீவில் நடந்தது. 16 பேர், 39 நாள், பரிசு 10 லட்சம் டாலர். கடைசியில் மூவர் எஞ்சியபோது ஒரு கம்பத்தின் மேல் கையை வைத்தபடி நிற்க வேண்டும் என்ற போட்டி வந்தது. ரிச்சர்ட் ஹாட்ச் என்பவர் தானாகவே கையை எடுத்துவிட்டு இறங்கிவிட்டார். காரணம் மிகவும் நுட்பமானது. அவர் வென்றிருந்தால், தன்னோடு கூட்டுச் சேர்ந்திருந்த ரூடி என்ற முதியவரைத் தன் வாயாலேயே வெளியேற்ற வேண்டியிருந்திருக்கும், அல்லது எல்லோருக்கும் பிடித்த அந்த முதியவரோடு இறுதிக்குப் போய்த் தோற்க வேண்டியிருந்திருக்கும். இறங்கிவிட்டதால் அந்தப் பழி, போட்டியில் வென்ற கெல்லி என்ற பெண்ணின் தலையில் விழுந்தது. ரூடியை வெளியேற்றியவர் கெல்லி. ரூடியின் ஓட்டு போய்ச் சேர்ந்ததோ ஹாட்சுக்கு. 4க்கு 3 என்ற கணக்கில் ஹாட்ச் வென்றார். அவர் செய்ததைக் கால் நூற்றாண்டாகக் கெட்டிக்காரத்தனம் என்று கொண்டாடுகிறார்கள். அதே காரியத்தை நம் ஊர்க்காரர் செய்தால் அது தண்டனைக்குரிய குற்றமாகிவிடுமா?

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, இரண்டும் ஒரே காரியம் என்று சொன்னீர்களே, அதில்தான் பிழை இருக்கிறது. ஓட்டு யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீங்கள் சொல்லும் அந்தத் தீவில், வெளியேற்றப்பட்டவர்களில் கடைசி ஏழு பேர் ஜூரி என்ற நடுவர் குழுவாகத் திரும்பி வந்து உட்கார்ந்து, தங்களை வெளியேற்றியவர்களுள் யாருக்குப் பரிசு என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே ஒருவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதே, நாளைக்கு அவன் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியிருக்குமே என்ற அச்சம் தள்ளுகிறவனுக்கு இருந்துகொண்டே இருக்கும். பிக்பாஸ் வீட்டில் உள்ளே இருப்பவர்கள் நாமினேட் மட்டும்தான் செய்கிறார்கள். காப்பாற்றுவதும் கைவிடுவதும் வெளியில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் நாம். அதனால் உள்ளே இருக்கிறவர் பக்கத்துக் கட்டில்காரரின் மனத்தைக் காட்டிலும் கேமராவின் கண்ணுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார். அங்கே விட்டுக்கொடுத்தால் அது எதிராளிக்கு விட்டுக்கொடுத்ததா, நமக்குக் காட்டுவதற்காக விட்டுக்கொடுத்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிக்பாஸுக்குக் கோபம் வந்ததற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டியாளர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வது நம் செட்டியார் வீட்டாருக்குப் புதிதன்று. என் அப்பச்சி, அதாவது அப்பா, மலாயாவில் வேலை பார்த்த காலத்துக் கிட்டங்கியை, பல வட்டிக் கடைகள் சேர்ந்திருந்த கட்டடத்தை, பற்றி அடிக்கடி சொல்வார்கள். நீளமான ஒரே கூடத்தில் இந்தக் கடைக்காரர் பெட்டி வைத்து உட்காரும் பெட்டியடி, அதற்கு அடுத்த இரண்டு முழத்தில் அந்தக் கடையின் பெட்டியடி. பகலில் ஒருவருடைய வாடிக்கையாளரை இன்னொருவர் இழுக்கப் பார்ப்பார். இரவில் எல்லோருக்கும் ஒரே சமையற்காரர் ஒரே குழம்பைத்தான் ஊற்றுவார். பர்மாவின் ரங்கூனிலோ, மாதந்தோறும் கோவிலில் கூடி, தங்களுக்குள் கைமாற்றும் பணத்துக்கு நடப்பு வட்டி இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். போட்டியும் இருந்தது, கூட்டும் இருந்தது. ஆனால் யாரும் யாரையும் அடியோடு ஏமாற்றத் துணியவில்லை. ஏனென்றால் மூன்று ஆண்டுக் கணக்கு முடித்துக் கப்பலேறினால் எல்லோரும் இறங்குகிற ஊர் ஒன்றுதான், பெண் கேட்டுப் போகிற வாசலும் ஒன்றுதான். நூறாவது நாளோடு முடிந்துபோகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அதை வாழ்க்கைப் பாடம் என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

தேவகோட்டை கணக்கு வாத்தியார்

ஆச்சி அவர்கள் அனுபவத்தால் சொன்னதற்குக் கணக்கிலும் சான்று உண்டு. 1980 வாக்கில் ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர், ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைப்பதா, துரோகம் செய்வதா என்று முடிவெடுத்து ஒருவரோடொருவர் மீண்டும் மீண்டும் மோதும் கணினி நிரல்களுக்கென ஒரு போட்டி நடத்தினார். அனடோல் ராபபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல் வென்றது. அதன் விதி இவ்வளவுதான்: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி போன முறை செய்ததையே நீயும் திருப்பிச் செய். ஆனால் ஆட்டம் எத்தனையாவது சுற்றில் முடியும் என்று இருவருக்கும் உறுதியாகத் தெரிந்துவிட்டால், கடைசிச் சுற்றில் துரோகம் செய்வதுதான் லாபம் என்றாகிவிடும். அது தெரிந்ததும் அதற்கு முந்தைய சுற்றிலும் அப்படியே. இப்படிப் பின்னோக்கி நகர்ந்து முதல் சுற்று வரைக்கும் நம்பிக்கை கரைந்துவிடும். பத்தாம் வகுப்பில் பரீட்சைக்கு முந்தைய வாரம் நோட்டுப் புத்தகங்கள் காணாமல் போவதும் இதனால்தான்.

இருந்தாலும் பிக்பாஸ் மூன்றாம் சீசனில் கவின் 5 லட்சத்தை எடுத்துக்கொண்டு இறுதிக்கு முன்பே வெளியேறியதை இந்தக் கணக்குக்குள் என்னால் அடக்க முடியவில்லை. நண்பர்களுக்கு வழிவிட்டார் என்று ஒரு சாராரும், தோற்று வெறுங்கையோடு போவதைவிட இது மேல் என்று கணக்குப் போட்டார் என்று இன்னொரு சாராரும் சொன்னார்கள். இரண்டும் உண்மையாக இருக்கக் கூடாதா என்ன?

கல்லுக்கட்டிக் கடைக்காரர்

நான் பிக்பாஸை முழுதாகப் பார்த்தவனில்லை. ஆனால் ஏலச்சீட்டில் இருபத்தைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் இந்த ஆட்டம்தான். போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 1 லட்ச ரூபாய்ச் சீட்டு, தள்ளில், அதாவது சீட்டை எடுக்கிறவர் விட்டுக்கொடுக்கும் தொகையில், 5,000 நடத்துகிறவருக்குக் கமிஷன், மீதி எல்லோருக்கும் கழிவாகப் பிரியும். நான்காவது மாதத்தில் இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மாவுக்கு மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. அது எல்லோருக்கும் தெரியும். ஏலத்துக்குக் கூடியபோது, யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளாமலேயே, அந்த அம்மா மட்டும் கேட்கட்டும் என்று அத்தனை பேரும் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா குறைந்த தள்ளான 5,000க்குக் கேட்டார். ஒரு தரம், இரண்டு தரம் சொல்லியாயிற்று. அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர் சாவகாசமாக "எட்டு" என்றார். அந்த அம்மா பத்து என்றார். இவர் பதினைந்து என்றார். கடைசியில் 22,000 தள்ளி, 78,000 ரூபாயை அந்த அம்மா எடுத்துக்கொண்டு போனார். புதியவருக்குச் சீட்டு எடுக்கும் எண்ணமே கிடையாது. தள்ளை ஏற்றிவிட்டால் தனக்கு வரும் கழிவு கூடும் என்பதுதான் அவர் கணக்கு. அந்த அம்மாவுக்கு 17,000 ரூபாய் குறைந்தது. அதை இருபதாக வகுத்தால் தலைக்கு 850 ரூபாய். அந்த 850 ரூபாய்க்காகக் கல்லுக்கட்டி வட்டாரம் முழுவதும் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார். செக்காலை அண்ணன் சொல்லும் போட்டி தர்மப்படி அவர் ஒரு தவறும் செய்யவில்லை என்றுதான் வரும்.

புதுவயல் பட்டதாரி

கடைக்காரர் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. தலைக்கு 850 ரூபாய் என்றால் உங்களுக்கும் 850 ரூபாய் வந்திருக்கிறது அல்லவா? உங்களில் எத்தனை பேர் அதை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தீர்கள்? வில்லன் என்று ஒருவரைச் சுட்டிக்காட்டிவிட்டு, அவர் கொண்டுவந்த லாபத்தை மற்றவர்கள் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொள்வது பிக்பாஸ் வீட்டில் வாராவாரம் நடக்கிறது. ஓபன் நாமினேஷனில் ஒருவர் பெயரைச் சொல்லி அவரை வெளியேற்றிவிட்டு, பிரிவுபசாரத்தில் கட்டிப்பிடித்து அழுகிறவர்களை நாம் பார்க்கவில்லையா? நான் இந்த நிகழ்ச்சிகளைப் பாடம் என்று சொல்வது இதனால்தான். அவை துரோகத்தைக் கற்றுக்கொடுக்கின்றன என்று நான் சொல்லவில்லை. வழக்கமாகப் பாய்க்கு அடியில் கிடப்பதை விளக்குக்கு எதிரே எடுத்துப் போடுகின்றன என்கிறேன்.

ஆச்சி அவர்கள் சொன்ன கிட்டங்கியைப் பற்றியும், மிகுந்த மரியாதையோடு, ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். கூட்டணி எப்போதும் உள்ளே இருப்பவர்களுக்கு அன்பாகத் தெரியும். வெளியே நிற்பவர்களுக்குத்தான் அது குரூப்பிசம். நான்காம் சீசனில் தங்களை அன்பானவர்கள் என்று சொல்லிக்கொண்ட ஒரு குழு இருந்தது. அந்தக் குழுவுக்கு வெளியே நின்று வாதாடிக்கொண்டே இருந்த ஆரிதான் கடைசியில் வென்றார். பர்மாவிலும் நடப்பு வட்டியைப் பேசி முடித்த கூட்டத்தில் பர்மிய விவசாயி உட்காரவில்லை. 1930களின் விலை வீழ்ச்சியில் அவரால் கடனைக் கட்ட முடியாமல் போக, கீழ் பர்மாவில் செட்டியார்களிடம் இருந்த நெல் நிலம், ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு என்ற நிலையிலிருந்து அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கால்வாசியாகப் பெருகியது. வட்டிக் கடைக்காரர்களுக்கு நிலம் வேண்டும் என்று ஆசையில்லை, பணம்தான் வேண்டியிருந்தது என்பது உண்மைதான். ஆனால் நிலத்தை இழந்தவருக்கு அது ஆறுதலாகுமா? பிறகு ஆட்சி பர்மியர் கைக்கு வந்ததும் நிலமும் போயிற்று, தொழிலும் போயிற்று. வெளியேற்றப்பட்டவர்கள் ஜூரியாக வந்து உட்கார்ந்தார்கள் என்று சொன்னால் ஆச்சி வருத்தப்படுவார்களோ?

செக்காலைவாசி

கேப்டன் பதவியில் ஆரம்பித்து பர்மா வரைக்கும் போய்விட்டோம், தலைப்புக்குத் திரும்புவோம். ஹாட்ச் இறங்கியதும் ஆட்டம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே விதி அதற்கு இடம் கொடுத்தது, பிக்பாஸ் விதி கொடுக்கவில்லை. விதிக்கு உட்பட்டு விட்டுக்கொடுப்பது வேறு, விதியையே வெறுமையாக்குவது வேறு. சீட்டில் 850 ரூபாய்க்குக் கேட்டவரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

பள்ளத்தூர் ஆச்சி

வருத்தம் இல்லை, தம்பி. பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த உறவுகளை இந்த வளவிலேயே பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே நாம் வாங்கியதையும் இழந்ததையும் பற்றி வீட்டு ஆண்கள் முகப்பில் உட்கார்ந்து பேசும்போது, வாங்கிய கதை குறுகியதாகவும் இழந்த கதை நீண்டதாகவும் இருப்பதை அந்த வயதிலேயே கவனித்திருக்கிறேன். நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கூட்டில் சேராத ஒருவர் எப்போதும் இருப்பார் என்பதை நான் சொல்லாமல் விட்டது என் தவறுதான்.

ஆனால் அதையே உங்களுக்கும் திருப்புகிறேன். அந்தத் தீவின் முடிவை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஹாட்சுக்கு விழுந்த நான்கு ஓட்டுகளில் ஒன்று, ஸூ என்ற லாரி ஓட்டுநர் அம்மாவுடையது. கெல்லியும் அவரும் அங்கே உயிர்த் தோழிகளாக இருந்தவர்கள். தோழிக்கு எதிராகக் கெல்லி ஓட்டுப் போட்டதும் எல்லாம் முடிந்தது. ஜூரியாக எழுந்து நின்ற ஸூ, கெல்லி தாகத்தில் சாகக் கிடந்தாலும் தண்ணீர் தரமாட்டேன் என்ற பொருளில், கெல்லியின் முகத்துக்கு நேராகவே பேசினார். ஹாட்ச்சைப் பாம்பு என்றும் கெல்லியை எலி என்றும் சொல்லி, பாம்பு எலியைத் தின்னட்டும் என்று ஓட்டைப் பாம்புக்குப் போட்டார். ஹாட்ச் முதலிலிருந்தே பாம்பு என்று தெரியும்; அதனால் அவர் மேல் மனக்கசப்பு குறைவு. தோழியாக இருந்து மாறியவரைத்தான் மன்னிக்க முடியவில்லை. கெட்டிக்காரத்தனத்துக்கு விழுந்த ஓட்டு என்று நீங்கள் எண்ணுவதில் பாதி, இன்னொருத்தி மேல் இருந்த ஆத்திரத்துக்கு விழுந்த ஓட்டு.

தேவகோட்டை கணக்கு வாத்தியார்

மீதி ஓட்டுகளில் ஒன்று எப்படி விழுந்தது தெரியுமா? கிரெக் என்ற ஜூரி உறுப்பினர், 1 முதல் 10க்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொன்னார். கெல்லி 3 என்றார், ஹாட்ச் 7 என்றார். கிரெக் மனத்தில் இருந்த எண் 9 என்று சொல்லி ஹாட்சுக்குப் போட்டுவிட்டார். 39 நாள் வியூகத்தின் மேல் கடைசியில் நின்றது ஒரு சோழி உருட்டல். அவர் உண்மையாகவே எண்ணைப் பார்த்துத்தான் போட்டாரா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

புதுவயல் பட்டதாரி

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. கடைக்காரர் அண்ணனிடம் மட்டும் ஒன்று கேட்க வேண்டும். அந்த 22,000 தள்ளுக்குக் காரணமானவரை மறுபடி சீட்டில் சேர்த்தீர்களா?

கல்லுக்கட்டிக் கடைக்காரர்

சேர்த்திருக்கிறோம், தம்பி. பணத்தை ஒரு மாதம்கூடத் தவறாமல் முதல் தேதியிலேயே கட்டுகிறவர். அப்படிப்பட்டவரை யார் விடுவார்கள்? நீங்கள் கேட்ட 850 ரூபாயைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாரும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நான் மொய் எழுதும்போது அதையும் சேர்த்து எழுதியதாக மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இந்த ஆவணியில் அந்தப் புதியவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஆடிச் சீட்டைத் தான் எடுக்கப்போவதாக இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். அந்த இட்லிக் கடை அம்மாவும் இதே சீட்டில்தான் இருக்கிறார்.